கல்லைக் கேட்டு வந்தவர்

கடலூர் முதுநகரிலிருந்து
இரண்டு பஸ் மாறி வந்திருந்தார் தணிகாசலம்.
சட்டையின் மேல் பட்டன்கள் போடவில்லை.
நடு நெஞ்சில் தையல் தழும்பு
இன்னும் இளஞ்சிவப்பாய்.

"எங்கிட்ட எடுத்த கல்லு
உங்ககிட்டதான் இருக்காமே."

வார்டில் யாரோ வாய்விட்டிருக்கிறார்கள்.
கோரிமேட்டில் இந்த அறைக்கு
நோயாளிகள் வருவதில்லை.
அவருக்கு இங்கே பெயர் கிடையாது:
மாதிரி முப்பத்தொன்று,
ஆண், ஐம்பத்திரண்டு, பெருந்தமனி வால்வு,
மூன்று இதழில் இரண்டு இறுகியது.

ஃபிலோமினா ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.
எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன்.

"ஐஸ் கம்பெனில ஒருத்தனும் நம்பல மேடம்.
நெஞ்சுக்குள்ள கல்லாம், போடா புளுகன்னு சிரிக்கிறானுங்க.
கொண்டுபோய்க் காட்டணும். அவ்ளோதான்."

அவர் கையெழுத்துப் போட்ட தாளில்
பதினாலாவது வரி: திருப்பித் தரப்படாது.
அதைச் சொல்லியிருக்கலாம்.
திருப்பித் தர ஏதாவது இருந்திருந்தால்.
வியாழக்கிழமையே அகேட் உரலில் இட்டு
அரைத்துவிட்டேன், திருநீற்றைவிட மெல்லிசாய்.
முதல் சுற்றில் கரகரத்தது,
சோற்றில் அகப்பட்ட மணல் மாதிரி.
அப்போது யாருடைய முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

கணினியைத் திருப்பிக் காட்டினேன்.
இருபத்தாறில் ஒரு கூர்.
முப்பத்திரண்டுக்குச் சற்று முன்னால்
ஒரு மழுங்கல் மேடு.
கீழே நீலக் கோடு வேறொருவருடையது,
பைக் விபத்தில் வந்த நல்ல எலும்பு.
இரண்டையும் பெயர் மறைத்து வைத்தால்
நானே தடுமாறுவேன்.

ஏறக்குறைய ஒரே உப்புதான் என்றேன்.
உங்கள் முதுகெலும்பில் இருக்கும்வரை உங்களை நிமிர்த்தும்,
வால்வில் வந்து உட்கார்ந்தால் மூச்சு வாங்கும்.
சரக்கு சரி. விலாசம் தப்பு.

"அப்ப தபால்காரன் மேலதான் கேஸு" என்றார்.

அவன் பெயரைத்தான்
பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அவரிடம் சொல்லாமல் விட்டது ஒன்று.
நம் ரத்தம் எந்நேரமும்
கல்லாகிவிடத் தயாராகவே ஓடுகிறது.
கரைந்து கிடப்பது தேவைக்கும் மேல்.
முதல் படிகம் கண் திறப்பதற்குள்
ஏதோ சில புரதங்கள் அதைச் சுற்றி வளைத்து
அப்புறப்படுத்துகின்றன, சம்பளமில்லாமல், ராவும் பகலும்.
எலும்பு எப்படி இறுகியது என்று கேட்கிறார்கள் கருத்தரங்குகளில்.
நாக்கு ஏன் இறுகவில்லை?
இமை?
எனக்கு அங்கேதான் தூக்கம் போகிறது.

தணிகாசலம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்க கேன்லயும் ஓரத்துலேர்ந்துதான் உறையும்,
கண்ணாடி கணக்கா.
அழுக்கு, உப்பு எல்லாத்தையும் நடுவுக்குத் தள்ளிக்கிட்டே போவும்.
குழாய விட்டுக் காத்து ஊதிக்கிட்டே இருக்கணும்.
கரண்டு போயி ஊதல் நின்னுச்சா,
நடுவுல வெள்ளையா ஒரு தண்டு.
ஜூஸ் கடைக்காரன் தொடமாட்டான். மீனுக்குத்தான் போவும்."

இதழின் மேல்பக்கத்தில்,
ரத்தம் சுழன்று தயங்குகிற பக்கத்தில்தான்
எப்போதும் படிவு தொடங்கும்.
புதிதல்ல, அச்சேறிப் பழசான செய்தி.
ஆனாலும் குறிப்பேட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
ஊதல் நின்ற இடம் எது?

குளிர்பெட்டியின் மோட்டார் அணைந்தது.
அந்த நிசப்தத்தில்
அவர் சட்டைக்குள்ளிருந்து கேட்டது
புது வால்வின் உலோகச் சத்தம்,
டிக், டிக்,
மலிவான கைக்கடிகாரம் போல.
மூவரும் கேட்டோம். யாரும் எதுவும் சொல்லவில்லை.
மோட்டார் மறுபடி ஓட ஆரம்பித்தது.

வரைபடத்தை அச்செடுத்துக் கொடுத்தேன்.
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.
"சீல் வெச்சுக் குடுங்க மேடம்,
இல்லாட்டி இதையும் நம்பமாட்டானுங்க."

எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சீல்.
ஃபிலோமினா மையில் தட்டி
முப்பத்திரண்டின் மேட்டுக்குப் பக்கத்தில்
அழுத்திப் பதித்தாள்,
இன்றைய தேதியோடு:
பெறப்பட்டது.